சிலந்திக்கு ஒரு சந்தனப் பொட்டு

நகரியில் ஹர்ஷினியின் வீட்டில் ஆயுத பூஜை என்றால் எதுவும் தப்பாது. தறிக்குப் பொட்டு, கத்தரிக்கோலுக்குப் பொட்டு, ஸ்கூட்டருக்கு மூன்று பொட்டு. சும்மா உட்கார்ந்திருந்த பூனைக்கும் ஒன்று விழுந்தது.

சந்தனக் கிண்ணத்தோடு வந்த அவள் அப்பா, அதாவது நைனா, மேசைமேல் இருந்த கல்லைப் பார்த்தார். அது அவருடைய தங்கை சுஷ்மிதாவின் கல். சுஷ்மிதா அத்தை திருப்பதியில் விஞ்ஞானி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் சிக்கி, கல்லில் பதிந்துபோன சிலந்திகளை ஆராய்வதுதான் அவர் வேலை. லீவுக்கு வந்தபோதும் ஒரு கல்லைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"என் தங்கச்சிக்குச் சோறு போட்ற கல்லாச்சே!" என்று நைனா பக்தியோடு ஒரு பொட்டு வைத்தார். அது சரியாகச் சிலந்தியின் காலில் போய் உட்கார்ந்தது.

"ஐயோ நைனா! அந்தக் காலைப் பாத்துதான் இது இன்னா சிலந்தின்னு அத்தை கண்டுபுடிக்கணும்!" என்று அலறினாள் ஹர்ஷினி.

"இரு, தொடச்சுடறேன்" என்று நைனா துண்டை நனைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

ஹர்ஷினி அவர் கையை இறுகப் பிடித்தாள். அந்தக் கால் தலைமுடியைவிட மெல்லியது. தேய்த்தால் சந்தனத்தோடு அதுவும் போய்விடும்.

"வேணாம் நைனா! சேலைல சேறு பட்டா நீ இன்னா சொல்லுவ? ஈரத்துல தேய்க்காத, காயட்டும்னுதான?"

நைனா துண்டைக் கீழே போட்டார். ஹர்ஷினி மின்விசிறியைப் போட்டுவிட்டு, பூனை கிட்டே வராமல் காவல் இருந்தாள். பூ வாங்கப் போன அத்தை திரும்பியதும் நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

அத்தை சின்னத் தூரிகையால் பொட்டின் ஓரத்தை மெல்லத் தட்டினார். காய்ந்த சந்தனம் ஒரே வில்லையாகக் கழன்று விழுந்தது. அடியில் கால் அப்படியே இருந்தது, நுனி நகம் உட்பட!

"நல்ல வேளை, தொடைக்க வுடல நீ! ரொம்ப தேங்க்ஸ்டா கண்ணு."

"மன்னிச்சுடும்மா. நல்லது நெனச்சுதான்…" என்று நைனா இழுத்தார்.

"அண்ணா, சின்ன வயசுல சிலந்தி பின்னாடியே சுத்திக்கினு இருந்தேன்னு ஊரே சிரிச்சுது. நீதான் படிக்க வெச்ச. இன்னிக்கு என் வேலைக்கும் பொட்டு வெச்சிருக்க. கோச்சுக்குவனா?" அத்தையின் கண்கள் கலங்கின.

ஹர்ஷினி சந்தனக் கிண்ணத்தை எடுத்தாள். "அப்போ இனிமே கல்லுக்கு வேணாம் அத்தை, பெட்டிக்கு வெச்சுக்கலாம்."

கல்லை வைத்து மூடிய பெட்டிக்கு அவள் பொட்டு வைத்ததும், அத்தை குனிந்து தன் நெற்றியைக் காட்டினார்.

"எனக்கும் ஒண்ணு, உன் கையால!"