முதல் எண்

விஸ்வநத்தம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, பருத்திக்காட்டு வழியே நடந்து, வேலுத்தாய் அந்தப் பட்டாசுக் கம்பெனிக்கு முதல் நாள் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அறுபத்தாறாம் வருஷத்துச் சித்திரை மாசம். மருந்து காயவைக்கும், புதிதாகத் தகரக் கூரை போட்ட அறைக்கு வெளியே ஒரு முக்காலி, சுவரில் ஓர் இரும்புப் பெட்டி. போன மாசம் வரை அந்த முக்காலியில் இருந்தவள் மூக்கம்மாள். அறை தீப்பிடித்துக் கரிக்கட்டையாகப் போனாள்.

அறைக்குள் இருக்கும் சூட்டைக் கம்பி வழியே வாங்கி எண்ணாகக் காட்டும் பெட்டி அது. எண் ஐம்பதைத் தாண்டினால் யாரும் உள்ளே போகக்கூடாது. குமிழில் மூன்று நிலை: ஓட்டம், உறக்கம், நிறுத்தம். உறக்கத்திலிருந்து எழுப்பினால் மூன்று நிமிஷம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் காட்டுவது பொய் எண். பெட்டியை மாட்டிய மதுரைக்காரர் இதைப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டி, மேனேஜரிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். மேனேஜர் சுந்தரபாண்டிக்கு மீசை முளைத்த அளவுக்குப் புத்தி முளைக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிடும் என்று நாள் முழுக்கப் பெட்டியை உறங்கவிட்டு, ஆளை உள்ளே அனுப்பும்போது மட்டும் எழுப்புவான். முதலில் வரும் எண்தான் அவனுக்கு வேதவாக்கு. மூக்கம்மாளை அப்படித்தான் அனுப்பிக் கொன்றான். கேட்டவர்களிடம், “அவளுக்கு எண் பாக்கத் தெரியலை” என்றான். தூ!

உச்சி வெயிலில் வந்து குமிழைத் திருப்பினான். எண் சக்கரம் உருண்டு முப்பத்தாறில் நின்றது.

“முப்பத்தாறுதான். போ புள்ள, மருந்துத் தட்டுகளை எடுத்துட்டு வா.”

வேலுத்தாய் எழுந்தாள். கருகிய மயிர் வாடை குப்பென்று அடித்தது.

காதருகே வளையல் சத்தம்.

“பொறு தாயி.”

திரும்பினாள். யாருமில்லை.

அவள் உள்ளே போகவில்லை. “அய்யா... மூணு நிமிசம் பொறுங்க. இப்பத்தானே முழிச்சிருக்கு.”

“மூக்கம்மா பாடுன அதே பாட்டு! இந்தப் பொட்டி இருக்கிறதாலதானே சாக்குச் சொல்லுதீக?”

பேட்டரிகளை வெடுக்கென்று பிடுங்கினான்.

“நானே போறேன், பாரு.”

சக்கரம் உருண்டது.

நாற்பத்து நாலு.

ஐம்பத்தெட்டு.

கதவில் கை வைத்தவன் திரும்பிப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். கையிலிருந்த பேட்டரிகளைப் பார்த்தான்.

எழுபத்தொன்று.

வேலுத்தாய் ஓடினாள். அந்த வீராதி வீரன், வேட்டியை முள்வேலியில் விட்டுவிட்டு அவளுக்கும் முன்னால் ஓடினான். பின்னால் அறை வெடித்துக் கூரை பறந்தது.

மண்ணிலிருந்து எழுந்த வேலுத்தாய்க்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“என்னையக் காப்பாத்துன, சரி மூக்கம்மாக்கா. இந்த நாயை எதுக்குக்கா காப்பாத்துன?”

சுவர் பாதி சரிந்திருந்தது. மீதியில் பெட்டி தொங்கியது. கம்பி கருகி அறுந்து கிடந்தது. பேட்டரி இல்லை. சக்கரம் முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது.

“பொட்டி பழுது. வேற ஒண்ணுமில்ல” என்று முனகிக்கொண்டே சுந்தரபாண்டி அதன் பக்கம் ஓரடி வைத்தான்.

முப்பத்தேழு.

இன்னோர் அடி.

முப்பத்தெட்டு.

“அய்யா, பொறுங்க” என்றாள் வேலுத்தாய்.

இந்தத் தடவை பொறுத்தான். ஆடாமல் அசையாமல் நின்றான். அவன் உடம்பு அனலாகச் சுட்டது.

முப்பத்தொன்பது.

நாற்பது.