நாலாவது ஊக்கு

சின்னப்பொண்ணின் தாலிக் கயிற்றில் எப்போதும் நாலு ஊக்குகள் தொங்கும். நாலுக்கும் தனித்தனி உத்தியோகம் உண்டு. ஒன்று சேலை மடிப்புக்கு. ஒன்று காலில் முள் குத்தினால் எடுக்க. ஒன்று பாவாடை நாடா கோக்க. இருப்பதிலேயே பெரிய ஊக்கு, வீட்டில் யாருக்குப் பட்டன் அறுந்தாலும் ஓடி வந்து உதவும்.

வெள்ளிக்கிழமை காலையில் மோனிகாவின் பள்ளிக்கூடப் பாவாடையில் பட்டன் அறுந்தது.

"அம்மா, பெரிய ஊக்கு குடு. ஸ்கூலுக்கு டைம் ஆச்சு" என்று அம்மாவின் கழுத்தருகே கையை நீட்டினாள்.

"தொடாத! இதுல கை வெக்காதடீ!"

மோனிகா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அம்மா இப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அம்மாவுக்கே தான் கத்தியது பிடிக்கவில்லை போலும். சேலைத் தலைப்பால் தாலியை மூடிக்கொண்டு, "நூலு போட்டு முடிஞ்சுக்கோ, போ" என்றாள் மெதுவாக.

எல்லாம் புதன்கிழமை ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மருந்து ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் சின்னப்பொண்ணுக்குத் துப்புரவு வேலை. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுக்காமல் கவரைப்பேட்டை வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

"அங்க ஒரு ரூம்ல குனிஞ்சு தொடச்சிகினு இருந்தேன். தாலி தானா மேல எழும்பி நின்னுச்சு. யாரோ புடிச்சு இழுத்தாப்ல இழுத்துச்சு. கழுத்த வுட்டுப் போவப் பாத்துச்சு!" என்றாள், கணவரின் சட்டையைப் பிடித்த கையை விடாமல்.

மோனிகாவின் நைனா அன்புராஜ், காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். நாலு மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்பவர். முதலில் சிரித்தார். மனைவியின் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அன்று முதல் சின்னப்பொண்ணு வேலைக்குப் போகவில்லை. கணவரையும் போக விடவில்லை. அவருடைய வேலைப் பையை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்துவிட்டாள். மேஸ்திரி போன் செய்து, திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாகச் சொன்னார்.

"போட்டுக்கட்டும்" என்றாள் சின்னப்பொண்ணு. "நீ உசுரோட இருந்தா போதும்."

இதையெல்லாம் மோனிகாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பில் டீச்சர் கணக்குப் போட, அவள் மனசில் நைனா நாலு மாடி உயரத்தில் கயிற்றில் ஆடிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயர் விமல். அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன். முகம் வாடிப்போய் இருந்தது.

"இன்னாக்கா, ரெண்டு நாளா ஆளையே காணோம்? மேடம் பாத்துட்டு வரச் சொன்னாங்க" என்றார்.

"ஜொரம்பா" என்றாள் சின்னப்பொண்ணு, தரையைப் பார்த்துக்கொண்டே.

மோனிகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா ஒரு மாதிரி கீறீங்க?"

"பேஜாரா கீதும்மா. எங்க மிஷின் புதன்கிழமைலேர்ந்து சரியில்ல. கடைசியா அதுல டியூப் வெச்சது நானு. நான்தான் இன்னாவோ கெடுத்துட்டேன்னு பெரிய சார் சொல்றாரு."

"அது இன்னா மிஷினுண்ணா?"

விமலுக்கு அந்தக் கருவியைப் பற்றிக் கேட்டால் போதும், சோகத்திலும் பேச்சு வந்துவிடும்.

"காந்தம்மா. பெரிய பால் கேனுக்குக் கால் வெச்சாப்ல நிக்கும். டிபி நோய் குடுக்கிற கிருமி கீதில்ல? அதுக்குள்ள புரதம்னு ஒண்ணு. நீளமான நூலு சுருண்டு மடிஞ்சு கெடக்கிற மாதிரி. எப்படி மடிஞ்சு கீதுன்னு தெரிஞ்சாதான் அதை முடக்க மருந்து தேட முடியும். ஆனா அது எவ்ளோ சின்னதுன்னா, சாதாரண மைக்ராஸ்கோப்புலயும் தெரியாது."

"அப்போ எப்படிப் பாப்பீங்க?"

"பாக்க மாட்டோம், கேப்போம். கண்ணாடி டியூப்ல புரதத்தக் கரைச்சு காந்தத்துக்குள்ள இறக்கி, ரேடியோ அலையால கூப்பிடுவோம். அதுல இருக்கிற ஒவ்வொரு அணுவும் தனித்தனிக் குரல்ல பதில் சொல்லும். அட்டெண்டன்ஸ் எடுக்கச்சொல்ல நீங்க 'உள்ளேன் டீச்சர்' சொல்ற மாதிரி. எந்த அணு எது பக்கத்துல குந்திகினு கீதுன்னு அதவெச்சுக் கண்டுபுடிச்சா, மடிப்பு தெரிஞ்சிரும். இதே மாதிரி டி.என்.ஏ.வோட வடிவத்தையும் பாக்கலாம்."

"இப்போ பதில் சொல்லலையா?"

"எல்லாம் ஒரே நேரத்துல கத்துற மாதிரி கொழகொழன்னு வருது. காந்தத்தோட சக்தி உள்ள ஒரே சீரா இருக்கணும். துளி கோணினாலும் போச்சு. எங்க மேடம் மூணு மாசம் பாடுபட்டு அந்தப் புரதத்தத் தயார் பண்ணாங்க. பிரிட்ஜில வெச்சாலும் இன்னும் நாலு நாள்தான் தாங்கும்."

மோனிகா அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள். "அண்ணா, அது தங்கத்த இழுக்குமா?"

"தங்கத்தயா? இழுக்காதும்மா. இரும்பு, ஸ்டீலு இந்த மாதிரிதான்."

விமல் எழுந்து போனார். தண்ணீர் டம்ளர் அப்படியே நிறைந்து இருந்தது. குடிக்கவே இல்லை.

மோனிகா நேரே போய் நைனாவின் சாமான் பெட்டியைத் திறந்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்று அதில் கிடந்தது. தரையில் சிந்திய ஆணிகளைப் பொறுக்க நைனா அதைத்தான் கொடுப்பார். எடுத்துவந்து அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு தரம். நான் கையால தொடமாட்டேன். நீ வேணாம்னா வேணாம்."

சின்னப்பொண்ணு மகளையே பார்த்தாள். பிறகு தலைப்பை விலக்கினாள்.

மோனிகா காந்தத்தை மெல்லக் கிட்டே கொண்டுபோனாள். தங்கக் குண்டுகள் அசையவில்லை. தாலியும் அசையவில்லை. ஊக்குகளின் பக்கம் கொண்டுபோனதும் அவை மட்டும் சடக்கென்று எழும்பின. அவற்றோடு சேர்ந்து கயிறும் தாலியும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றன.

"ஐயோ! இதேதான்!" சின்னப்பொண்ணு மூச்சு வாங்கினாள். "இப்படித்தான் தூக்குச்சு!"

"தாலிய இல்லம்மா. ஊக்க இழுத்துருக்கு. ஊக்கு தாலியக் கூட்டிகினு போயிருக்கு. நைனாவுக்கு ஒண்ணும் ஆவாதும்மா."

வாசலில் அன்புராஜ் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னப்பொண்ணு அவர் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அது.

மோனிகா அழவில்லை. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அம்மா, பெரிய ஊக்கு எங்க?"

சின்னப்பொண்ணு கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அதைத் தொடவே பயந்துகொண்டிருந்தவள், எண்ணிப் பார்க்கவா போகிறாள்? "இழுத்தப்போ டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் கண்ண மூடிகினு ஓடியாந்துட்டேன்."

மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அந்த ஊக்கு காந்தத்துக்குள் இருக்கிறது.

பிறகு சின்னப்பொண்ணு சொன்னாள், "மூணு மாசப் பாடு... நானா கெடுத்தேன்? சொன்னா என் வேல போயிரும்டீ."

மோனிகா நிறைந்திருந்த டம்ளரைப் பார்த்தாள். "சொல்லலன்னா விமல் அண்ணனுக்குப் போயிரும்மா."

சின்னப்பொண்ணு வெகுநேரம் சேலை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "காலைல போலாம்" என்றாள். "நீயும் வா. எனக்கு வாய் வரலன்னா நீ சொல்லு."

சனிக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் இருவரும் போனார்கள். கிறிஸ்டினா மேடம்தான் அந்த ஆராய்ச்சிக்குத் தலைவர். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

அம்மாவுக்கு வாய் வராதோ என்று மோனிகா பயந்தாள். ஆனால் சின்னப்பொண்ணு நேராக நின்று பேசினாள்.

"மேடம், தப்பு என்னுது. விமல் மேல ஒண்ணுமில்ல. மிஷினச் சுத்திப் போட்ட செவப்புக் கோட்டத் தாண்டிப் போய்த் தொடச்சேன். என் ஊக்கு ஒண்ணு மிஷினுக்குள்ள பூந்துருக்கு."

விமல் நிமிர்ந்து பார்த்தார். மேடம் ஒரு நிமிடம் கண்ணாடிக்கு அப்பால் இருந்த காந்தத்தையே பார்த்தார். அந்த ஒரு நிமிடம் மோனிகாவுக்கு ஒரு பீரியட் மாதிரி இருந்தது.

"கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னாங்களே?"

"சொன்னாங்க மேடம். அன்னிக்கு சத்தமே இல்ல, ஆஃப் பண்ணிக்கீதுன்னு நெனச்சேன். சுத்தித் தொடச்சிட்டு நடுவுல வட்டமா தூசிய வுட்டுட்டு வர மனசு கேக்கல."

"அது என்னைக்குமே ஆஃப் ஆகாதும்மா. கரண்ட் போனாலும் காந்தம் காந்தம்தான். உலோகப் பொருள் கூடாதுன்னு போர்டு இருக்கே, படிக்கலையா?"

"படிச்சேன் மேடம். சாவி, போன், கம்மலு எல்லாம் கழட்டி வெச்சேன். ஊக்கு... அது ஒரு பொருளா மேடம்? அது பாட்டுக்குக் கழுத்துல கெடக்குது."

மேடம் விமலைப் பார்த்துத் தலையசைத்தார்.

விமல் காந்தத்தின் அடியில் படுத்து, உள்ளே பொருத்தியிருந்த நீளக் குழாயைப் பக்குவமாகக் கழற்றி இறக்கினார். மோனிகாவும் அம்மாவும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பிளாஸ்டிக் குச்சி ஒன்று இடுக்குக்குள் போனது. வெளியே வந்தபோது அதன் நுனியில், வாயைத் திறந்துகொண்டு, பெரிய ஊக்கு.

மதியம் மேடமே அவர்களைக் கணினி முன்னால் அழைத்துப்போனார். "இது நேத்து" என்று காட்டிய படம் தண்ணீர் பட்ட கோலம் மாதிரி கலங்கியிருந்தது. "இது இப்போ" என்று காட்டியதில் புள்ளி புள்ளியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தெளிவாக நின்றன.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு அணுவோட பதிலா மேடம்?" என்று கேட்டாள் மோனிகா.

"ஒவ்வொரு புள்ளியும் ரெண்டு அணு சேர்ந்து சொல்ற பதில்." மேடம் ஒரு புள்ளியை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு சின்னப்பொண்ணின் பக்கம் திரும்பினார். "பெரிய சாருக்கு நடந்ததை நானே எழுதுறேன். விமல் மேல தப்பில்லைன்னு எழுதுவேன். உங்க பேர் இருக்கும். நீங்களா வந்து சொன்னீங்கங்கிறதும் இருக்கும். திங்கட்கிழமை வேலைக்கு வாங்க. முதல்ல அந்த ரூமைப் பத்தி உங்களுக்குச் சரியா சொல்லித் தரணும். இதுவரைக்கும் சொல்லித் தராதது எங்க தப்பு."

சின்னப்பொண்ணு கை கூப்பினாள்.

"மேடம்" என்றாள் மோனிகா தயங்கியபடி. "போர்டுல ஒரு ஊக்குப் படம் வரைஞ்சு வெக்கலாமா? அப்புறம், கதவாண்ட இத மாட்டி வெச்சா உள்ள போறவங்க தடவிப் பாத்துக்கலாம்." பையிலிருந்து ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து நீட்டினாள்.

மேடம் அதை வாங்கித் தன் தோள் பக்கம் கொண்டுபோனார். அவருடைய துப்பட்டாவிலிருந்து ஒரு ஊக்கு துள்ளி எழுந்தது.

விமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

"நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறேன்" என்றார் மேடம். ஆனாலும் ஊக்கைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை சின்னப்பொண்ணு அரிசி டிரம்முக்குள் கை விட்டு, வேலைப் பையை எடுத்துத் தட்டி, கணவரிடம் கொடுத்தாள்.

"மேல ஏறச்சொல்ல பெல்ட்டு மாட்டிக்கோ."

"அதுல இரும்புக் கொக்கி கீதே, பரவால்லயா?" என்றார் அன்புராஜ்.

"போய்யா!" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஐந்து நாளாகியிருந்தது.

பிறகு தாலிக் கயிற்றிலிருந்து மூன்று ஊக்குகளையும் கழற்றி மகளின் உள்ளங்கையில் போட்டாள். மேடம் காகிதத்தில் மடித்துக் கொடுத்த பெரிய ஊக்கையும் கூட வைத்தாள். அவ்வளவு பெரிய காந்தத்தோடு மூன்று நாள் இருந்துவிட்டு வந்த அதுவும் இப்போது ஒரு குட்டிக் காந்தம். மற்ற மூன்றும் நகர்ந்து போய் அதை ஒட்டிக்கொண்டன.

"பத்திரமா வெச்சுக்கோ மோனி. சாயங்காலம் வந்து எண்ணி வாங்கிப்பேன்" என்று சொல்லிவிட்டு, வெறும் தாலியோடு வேலைக்குக் கிளம்பினாள் சின்னப்பொண்ணு.