உருளைக்குள் மூன்று தட்டு

அஸர் தொழுகை முடித்து வந்தபோதுதான் எங்கோஸ் கவனித்தான், உருளையின் சத்தத்தில் ஏதோ பிசகு இருந்தது.

பத்தொன்பது நாளாக ஓடும் உருளை அது. பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் மோட்டார், இரண்டு தண்டுகள், அவற்றின் மேல் உள்ளே டயர் ட்யூப் ஒட்டிய அகலமான பிளாஸ்டிக் குழாய். எல்லாம் அவன் கையால் சேர்த்தது. சதுரமாக அறுத்து மூலை தட்டிய ஐந்து பச்சைக் கற்கள் உள்ளே உருண்டு பந்தாகிக்கொண்டிருந்தன. கூடவே உராய்வு மணல், தண்ணீர், இடம் நிரப்பக் கூழாங்கல். நன்றாக ஓடும்போது, ஓட்டுக் கூரையில் மழை வழிவதுபோல ஒரே சீராகச் ‘சர்... சர்...’ என்று கேட்கும். அக்கம்பக்கத்தார் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பட்டறை ஜன்னலை அவன் செங்கல் வைத்து அடைத்த பிறகு, என்ன கேட்டாலும் உருளைதான் என்று விட்டுவிட்டார்கள். அவன் மனைவி சவூதியில் வீட்டு வேலையில் இருந்தாள்; இங்கே அவன் மட்டும்தான்.

இப்போது அந்தச் சத்தத்துக்கு நடுவே டக், டக், டக். ஒரு மூச்சு இடைவெளி. மறுபடியும் மூன்று.

கல் குறைந்தால் இப்படித்தான் விழுந்து அடிபடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூடியைக் கழற்றினான். அரைத்த சேறு சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். செக்கச்செவேலென்று இருந்தது. அடிமண் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. அவசரமாக இரண்டு கை கூழாங்கல்லை அள்ளிப் போட்டு, மூடியை இறுக்கி, மோட்டாரைப் போட்டான்.

டக், டக், டக்.

அந்த மண் எங்கிருப்பது என்று அவனுக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துச் சரிவில், அவனும் கூட்டாளி உண்டாங்கும் தோட்டக்காரர்களுக்குத் தெரியாமல் தோண்டிய பொந்தில். இந்தப் பச்சைக் கல் கிடைத்த அன்றுதான் பொந்தின் கூரை சரிந்தது. கல்லோடு எங்கோஸ் வெளியே நின்றான். உண்டாங் உள்ளே. நீலக் கம்பி சுற்றிய உளியால் உள்ளிருந்து தட்டினான், மும்மூன்றாக.

“இருடா, ஆள் கூட்டிட்டு வரேன்” என்று மண்ணைப் பார்த்துக் கத்திவிட்டுத்தான் எங்கோஸ் இறங்கினான். கூட்டி வரத்தான் நினைத்தான். பாதி வழியில் கல் தோளில் கனத்தது. ஊரைக் கூட்டினால் தோட்டத்துக்காரன் கல்லைப் பிடுங்கிக்கொள்வான், போலீசும் வரும். வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான். உண்டாங் கலிமந்தான் தீவுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டதாக அவன் பெண்டாட்டி இமாஸிடம் சொன்னான். மூன்றாம் நாள், மறந்து வைத்த கடப்பாரையை எடுக்கப் போனபோதும் தட்டல் கேட்டது. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். அதை நினைத்தால் இன்றும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் இமாஸ், கையில் மரவள்ளி வறுவல் பொட்டலம்.

“அவரு நம்பரு ஏதாச்சும் கெடைச்சுதாண்ணே? பெருநாளைக்காச்சும் வருவாராமா?”

“அங்க டவர் கெடைக்காது இமாஸ். வருவான்.”

“போகும்போது ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக் கூடாதா? சட்டையக் கூட எடுத்துக்கல, மனுசன்.”

அவன் பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்தான். இமாஸ் உருளைப் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, உள்ள என்னமோ தட்டுதே.”

தன் காதுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று எங்கோஸ் இவ்வளவு நேரம் நம்பியிருந்தான்.

“கல்லு உருளுது.”

“கல்லு இப்படி நிறுத்தி நிறுத்தியா தட்டும்?”

அவன் தடுப்பதற்குள் இமாஸ் ப்ளக்கைப் பிடுங்கினாள். உருளை தயங்கிச் சுற்றி நின்றது.

டக், டக், டக்.

இமாஸ் குனிந்து உருளையில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டாள். இடையில் ஒருமுறை, யாருக்கோ பதில் சொல்வதுபோல் தலையாட்டினாள்.

“என்ன கேக்குது?” என்றான் எங்கோஸ்.

இமாஸ் நிமிர்ந்தாள். முகத்தில் கோபமில்லை.

“இருங்கண்ணே. ஆள் கூட்டிட்டு வரேன்.”

கதவைச் சாத்திவிட்டு மழையில் போனாள். அந்த வார்த்தையை எங்கோஸ் மண்ணுக்குள் கிடந்த உண்டாங் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தான்.

மூடி தெறித்தது. சேறு வழிந்தது. ஒரு வாளித் தண்ணீர்கூடக் கொள்ளாத உருளை அது. சேறு நிற்கவில்லை. சிவப்பு. கணுக்கால். முழங்கால். பந்தாகிவிட்ட ஐந்து கற்கள் அதில் மிதந்து சுற்றின. உள்பக்கம் திறக்கிற கதவு, மண் அழுத்தியதில் அசையவில்லை. கத்தினான். ஈர மண் குரலை விழுங்கியது. விளக்கு அணைந்தது.

இடுப்பு.

நெஞ்சு.

கையில் ஏதோ தட்டுப்பட்டது. உளி. பிடியில் கம்பி சுற்றியிருந்தது.

கதவில் தட்டினான். மூன்று. மூச்சு வாங்கி, மறுபடியும் மூன்று.

சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“ஆரம்பிச்சுட்டான் பாரு, கல்லு உருட்ட.”

பிறகு அவள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.