கூரையில் பச்சை

பனியை அள்ளி வாளியை நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஹால்பெரா அதைப் பார்த்தாள். வீட்டின் வடக்குக் கோடியில், முழங்கால் ஆழப் பனி மூடிய கூரைமேல், ஓர் ஆள் படுத்து எழுந்த அளவுக்குப் புல் பச்சையாகத் தெரிந்தது.

புற்கூரையில் பனி இளகுவது புதிதல்ல. அடுப்புக்கு மேலே இளகும். ஆட்கள் நெருங்கிப் படுத்திருக்கும் இடத்துக்கு மேலேயும் இளகும். ஆனால் வடக்குக் கோடியில் அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. பழைய சரக்கறை, ஒரு மழையில் சரிந்தது, மண்ணோடு வெட்டியெடுத்த புல்கட்டிகளை அடுக்கி அடைத்துவிட்டேன் என்று அவள் கல்யாணமாகி வந்த அன்றே ஓட்டார் சொல்லியிருந்தான்.

உள்ளே வந்து கணவனிடம் சொன்னாள். வலை முடிந்துகொண்டிருந்த ஓட்டார் தலை நிமிரவில்லை.

"பனியையே பாத்துட்டு இருந்தா அப்படித்தான், எதைப் பாத்தாலும் பச்சையாத் தெரியும்."

சிரிப்பதற்காகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் அவன் விரலில் நூல் சிக்கிக்கொண்டது.

நடுக்குளிர்காலம். சூரியன் மலைக்குப் பின்னாலேயே நகர்ந்து, பகல் என்று பேருக்கு ஒரு சாம்பல் வெளிச்சத்தைக் காட்டிவிட்டுப் போய்விடும். கணவாய் பனியில் மூடிக்கிடந்தது. எரிக்க வைத்திருந்த காய்ந்த ஆட்டுச்சாணம் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. ஒரு வயது நிரம்பாத உன்னாவுக்கு நெஞ்சுச் சளி. சாண நெருப்பின் காரமான புகையும், கடல்நாய் எண்ணெய் விளக்கின் மீன் நாற்றமும், ஈரக் கம்பளியின் வாடையும் கலந்து நீளக் கூடத்தின் தாழ்ந்த கூரைக்குக் கீழே தொங்க, புகை போகும் துளை வழியாகப் பனித்தூள் இறங்கி நெருப்பில் சுர்ரென்று கரைய, குழந்தை இருமி இருமி ஓயும் ஒவ்வொரு முறையும் ஹால்பெரா தன் மூச்சையும் பிடித்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தாள்.

வடக்குச் சுவரோரம் தொட்டிலைப் போட்டால் மட்டும் உன்னா இருமாமல் தூங்கினாள். பத்து நாளாக அங்கேதான் போட்டிருந்தாள். அங்கே காற்று புகாது, அதனால்தான் என்று நினைத்திருந்தாள். இப்போது எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் சூடாக இருந்தது. கறந்துகொண்டிருக்கும் பசுவின் வயிற்றைப்போல.

காதை வைத்தாள். புல்கட்டிகளுக்கு அந்தப் பக்கம், மெதுவாக, ஒரே சீராக, யாரோ மண்ணைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தூங்கவைக்கத் தட்டுவதுபோல.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு பின்வாங்கினாள். ஓட்டார் எழுந்து வந்து அவனும் காதை வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கௌட்டி" என்றான். "என் தம்பி."

கடலில் மூழ்கிப் போனான் என்று அவளிடம் சொல்லப்பட்டிருந்த தம்பி. ஓட்டார் துண்டுதுண்டாகச் சொன்னான். ஏழு குளிர்காலத்துக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்தது. பக்கத்துப் பண்ணையில் ஒருவர் மிச்சமில்லை. கௌட்டிக்கும் கண்டதும் அவனைக் கோடி அறையில் படுக்கவைத்து, அவன் தூங்கும்போது ஓட்டார் வாசலை அடைத்துவிட்டான். கட்டிமேல் கட்டியாக, இரண்டு முழக் கனத்துக்கு.

"உயிரோடயா?"

"குளிருதுன்னு கத்தினான். மூணு நாள். நெருப்பு கொடு, குளிருதுன்னு. அப்புறம் கத்தல."

ஹால்பெரா குழந்தையைக் கம்பளியில் சுற்றினாள். கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஆள் இருக்கும் அடுத்த வீடு அரைநாள் நடை. இந்தப் பனியில் இந்தக் குழந்தையோடு வழியிலுள்ள ஆற்றைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஓட்டார் புல்வெட்டும் இரும்பை எடுத்தான். அவனைப் பார்த்து முறையாகப் புதைத்தால் அடங்கிவிடுவான், நான் செய்ததை நானே முடிக்கிறேன் என்றான். அவள் தடுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை.

ஏழு வருடத்தில் கட்டிகள் வேரோடு வேர் பின்னி ஒன்றாகியிருந்தன. அவன் வெட்டும்போது சுவர் கறிபோலக் கிழிந்தது. ஆள் தவழும் அளவுக்குத் துளை விழுந்ததும் உள்ளிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக. பிண வாடை இல்லை. புதிதாக அறுத்த புல்லின் வாசனை. கோடைகால வாசனை.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

ஓட்டார் விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தான். அவன் காலணி மறைந்தது. வெளிச்சம் கொஞ்ச நேரம் ஆடியது. பிறகு அதுவும் இல்லை.

"ஓட்டார்."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹால்பெரா துளையருகே குனிந்தாள்.

உள்ளே பேச்சுக் குரல். தணிந்த குரல். அவன் குரல்தான். யாருக்கோ பதில் சொல்வதுபோல, "சரி" என்றான். மறுபடி, "சரிடா."

அடுப்பில் நெருப்பு சாம்பலாகிக்கொண்டிருந்தது. உன்னா இருமினாள். உதடு நீலமாகியிருந்தது.

"ஹால்பெரா." துளைக்கு மிக அருகில் அவன் குரல். நிதானமாக, அன்பாக. "புள்ளைய இப்படிக் கொடு. இங்க குளிரே இல்ல."

"நீ வெளிய வா."

"கொடு. அவன் பாத்துக்குறேங்குறான்."

இருட்டிலிருந்து ஓட்டாரின் இரண்டு கைகளும் நீண்டன. மண் அப்பிய, அவளுக்குத் தெரிந்த கைகள். குழந்தையை வாங்குவதற்கு விரித்த கைகள்.

அவற்றுக்கு நடுவே மூன்றாவது ஒன்று வந்தது.

மெலிந்த கை. நீளமானது. தோலுக்குப் பதில் பாசி. நகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வேர்கள். காற்றில் அலைந்தன. தேடின.

ஹால்பெரா குழந்தையை இறுக்கிப் பிடித்தாள்.

அவள் தோளில் இருமல் நின்றது. உன்னா மெல்லத் திரும்பினாள். முகம் மலர்ந்தது. உடம்பை முன்னால் வளைத்து, தகப்பன் கைகளை விட்டுவிட்டு, அந்த மூன்றாவது கையை நோக்கித் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள்.