யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு

செருப்பைக் கழற்றும்போதே தம்பி சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"பேய்க்கு எதுக்குக்கா வைஃபை? உக்காந்து படம் பாக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. உள்ளறையைக் காட்டினாள். கம்பி வைத்த தொட்டிலில் குழந்தை எழுந்து நின்று, சுவரில் மாட்டியிருந்த குட்டிக் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் 'அம்மா'கூட வாயில் வராத குழந்தை.

"நான் சமையல்கட்டுக்குப் போனா போதும், அதுலேருந்து யாரோ 'வா, வா'ன்னு கூப்பிடறாங்க. காலையில கம்பி மேல காலைத் தூக்கிப் போட்டுட்டான்டா. நான் ஓடி வரலேன்னா தலைகுப்புற விழுந்திருப்பான்."

தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. லேப்டாப்பைத் திறந்தவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"டப்பாவுல வந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்கு! கதவைத் தொறந்து போட்டுட்டு, திருடன் வந்துட்டான்னு அழுவியா? எவனோ வேலைவெட்டி இல்லாதவன் உள்ள புகுந்து விளையாடறான்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனிதன்தானே!

ரூட்டரின் பின்னாலிருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்தினான். விளக்குகள் அணைந்து, ஒவ்வொன்றாக எரிந்தன. கேமராவுக்கும் அப்டேட் போட்டான். வெளியே மழை மேகம் கவிந்து, பட்டப்பகலிலேயே அறை இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கிருந்தோ ஆஸ்பத்திரி மருந்து வாடை.

"புதுசை நீயே போடு. ரெண்டுக்கும் ஒண்ணே வேண்டாம், கேமராவுக்குத் தனியா வை. பொறந்த தேதி, போன் நம்பர் கூடாது. யாருக்கும் தெரியாததா இருக்கணும். எங்கிட்டகூட சொல்லாதே."

அவன் திரும்பி நின்றுகொண்டான்.

யாருக்கும் தெரியாதது அவளிடம் ஒன்றுதான் இருந்தது. தொட்டிலில் நிற்பவனுக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் வயிற்றிலேயே போய்விட்ட பெண் குழந்தைக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர். கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கேமராவுக்கு அதையே தட்டினாள்.

கேமரா கரகரத்தது.

"வா."

தம்பியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பழைய கனெக்‌ஷன் இன்னும் அறுபடலை போலிருக்கு…" என்று முணுமுணுத்தவன் கேமராவின் வயரைப் பிடுங்கினான். ரூட்டரையும் அணைத்தான்.

நிசப்தம்.

"அவ்வளவுதான்க்கா, ஒழிஞ்சுது. இதைக் கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுப் பாக்கறேன்." கேமராவை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தான்.

அவள் உள்ளறைக் கதவு நிலையில் சாய்ந்து, நீண்ட நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள்.

குழந்தை இன்னும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது சுவரில் இருந்தது வெறும் ஆணி.

அவன் உதடு குவிந்தது. முதல் வார்த்தை! 'அம்மா'தான் என்று அவள் முகம் மலர்ந்தது.

'அம்மா' இல்லை.

அந்தப் பெயர். மழலைகூட இல்லாமல், முழுதாக.

அவளுக்குக் கால் எழவில்லை. கண்ணெதிரே குழந்தை கம்பியின் மேல் காலைத் தூக்கிப் போட்டான். ஆணியைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினான்.

ஆணி இருந்த பக்கமிருந்து, ஒரு சின்னப் பெண்ணின் குரல் செல்லமாகக் கேட்டது.

"என்னடா தம்பி?"