விரதம் இருந்த சிலந்திகள்

கதிர்காமநாதன் வீட்டுக்கு வந்த கனகசுந்தரம் உட்காரக்கூட இல்லை. தான் வளர்க்கும் ஒன்பது டாரன்டுலா சிலந்திகளில் மூன்றைக் காணவில்லை, திருடியது மாடி அறையில் குடியிருக்கும் வேலுதான், போலீஸில் எழுதிக் கொடுத்தாயிற்று, அவர்களோ ஆதாரம் கேட்கிறார்கள் என்று நின்றபடியே கொட்டினார்.

கதிர்காமநாதன் சுங்க இலாகாவில் இருபது வருஷம் அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு துப்பறியச் சொல்லி இப்படிப்பட்ட வழக்குகள்தான் அவரிடம் வந்தன. டாக்சி ஓட்டும் கூட்டாளி சுலைமான் அதற்குள் சாவியை எடுத்துவிட்டான்.

கனகசுந்தரம் வீட்டு மாடிப்படியில் வேலு உட்கார்ந்திருந்தான். திங்கட்கிழமைக்குள் புகார் தீராவிட்டால் ஜுருவிலுள்ள தொழிற்சாலையில் அவன் வேலை போய்விடும். "அதைத் திருடி நான் என்ன, சம்பல் வச்சுத் திங்கவா போறேன் அண்ணே?" என்றான்.

ஒன்பதுக்கும் ஒரே கண்ணாடித் தொட்டி. பூட்டு உடையவில்லை. இரண்டு சாவிகளில் ஒன்று வேலுவிடம். வேலுதான் திருடன் என்று முடிவு கட்டச் சுலைமானுக்கு அதுவே போதும். ஆறு சிலந்திகள் மரப்பட்டைக்கடியில் ஒட்டிக் கிடந்தன. நான்கு வற்றிப்போயிருந்தன, இரண்டுக்கு வயிறு திராட்சைபோல் உருண்டிருந்தது.

"எல்லாம் ஒரு தாய் பிள்ளைங்க. ஒன்னை ஒன்னு கடிக்காது," என்றார் கனகசுந்தரம், மூன்றாவது முறையாக.

தீனி என்ன என்று கதிர்காமநாதன் கேட்டார். சிள்வண்டுதான், ஆனால் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் காவடி நேர்ந்து விரதம் தொடங்கியதிலிருந்து போடுவதில்லை என்றார் கனகசுந்தரம். நாற்பது நாளாக இந்த வீட்டில் ஓர் உயிர் சாகவில்லையாம். விரதம் தொடங்கிய அன்று தொட்டியைக் கழுவி மண்ணும் மாற்றியாயிற்றாம். அதன்பின் தொட்டியிலிருந்து பொறுக்கிய குப்பை ஒரு டின்னில் இருந்தது.

அதில் கெட்டியான மூன்று கறுப்பு உருண்டைகள். கதிர்காமநாதன் ஒன்றை வெந்நீரில் போட்டார்.

"சிலந்தி இரையை உறிஞ்சிட்டுச் சக்கையை இப்படித் துப்பும். நாற்பது நாளா நீங்க எதுவும் போடல. அப்ப எதைத் தின்னுச்சு? அந்த ரெண்டுக்கு மட்டும் எப்படி வயிறு?"

ஊறிய உருண்டையைக் குச்சியால் பிரித்தார். வளைந்த கறுப்புப் பல் ஒன்று வந்தது.

"இது சிலந்திப் பல், சிள்வண்டுக்குக் கிடையாது. உங்க விரதத்துல அதுங்களையும் சேர்த்துட்டீங்க. பசிச்சுது, ஒன்னை ஒன்னு தின்னுடுச்சு."

கனகசுந்தரம் டின்னை மூடினார். பிறகு, "தைப்பூசம் முடியட்டும், புகாரை வாபஸ் வாங்குறேன். இப்ப சொன்னா என் விரதம் கெட்டுப்போச்சுன்னு ஊரே பேசும்," என்றார்.

"தைப்பூசத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கு. திங்கட்கிழமை அவனுக்கு வேலை போயிடும்."

கனகசுந்தரம் பூஜை அறைக்குள் போனார்.

கதிர்காமநாதன் பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வேலுவை டாக்சியில் ஏற்றினார். ஸ்டேஷனில் சார்ஜண்ட் பல்லைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் புகார் கொடுத்தவரே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மூவரும் திரும்பி வந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே பூஜை மணி கேட்டது. கதிர்காமநாதன் இரண்டு முறை கூப்பிட்டார். மணி இன்னும் பலமாக அடித்தது.

சுலைமான் டாக்சி ஹார்னை அழுத்தினான். கையை எடுக்கவில்லை. "ஊரே பேசட்டும்லா," என்றான்.

அக்கம்பக்கத்தில் நான்காவது வீட்டு ஜன்னலும் திறந்தபோது கனகசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் டாக்சியில் வேலுவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.