ஐந்தில் இரண்டு

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் தப்பாகக் கணக்குப் போடக் கற்றுக்கொள்வதற்கு டியூஷன் செல்வது வழக்கம். கதிர்மாறனும் தம் மகள் அல்லியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்.

காரணம் இதுதான். பிறந்தவுடனே ஒவ்வொரு குழந்தையின் பிடரியிலும் ஒரு கணிச்சில்லு பதிக்கப்பட்டமையால், கணக்கில் பிழை என்பதே அற்றுப்போயிற்று. அதே காலத்தில், பிள்ளையற்றோர் வாங்கி வளர்த்த இயந்திரப் பிள்ளைகளும் விழுந்து முளைக்கும் பால்பல் வரை அசலாகவே அமைந்துவிட்டன. எது பிள்ளை, எது பொறி என்றறிய அரசு மானுடத் தேர்வை ஏற்படுத்தியது. சில்லை அணைத்துவிட்டுக் கணக்குக் கொடுப்பார்கள். பிழைவிட்டால் மனிதர், விடாவிட்டால் பொறி. பொறி என்று முத்திரை விழுந்தால் அன்றே பள்ளியிலிருந்து பெயர் நீங்கும்; சாப்பாட்டுக்கூடம் போய் மின்னேற்றக்கூடம் வாய்க்கும்.

சில்லை அணைத்தால் பிழை தானாக வாராதோ? வரும். ஆயினும், பெற்ற பிள்ளையின் அறியாமையை நம்பி வாளாவிருக்க எந்தத் தகப்பனுக்குத் துணிவு உண்டு?

டியூஷனில் பாடம் ராகத்தோடு நடந்தது. புள்ளி ஒன்பதைவிடப் புள்ளி பதினைந்து பெரிது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால், மேலதை மேலே கூட்டிக் கீழதைக் கீழே கூட்ட, ஐந்தில் இரண்டு.

"அப்பா, அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையைவிடக் குறைஞ்சா போகும்?" என்று வழியில் கேட்டாள் அல்லி.

"போகும். ஃபீஸ் கட்டியிருக்கேன்ல, போகும்."

தேர்வு நாளில் கேள்வியைச் சற்றே மாற்றிவிட்டார்கள். அரையையும் காலையும் கூட்டுக என்றிருந்தது.

தேர்வாளரும் ஓர் இயந்திரமே. கதிர்மாறனைத் தனியே அழைத்து, "ஐயா, உங்கள் மகள் முக்கால் என்று எழுதியிருக்கிறாள்" என்றது.

"சில்லைத்தான் அணைச்சாச்சே சார்! எப்படி?"

"தாளை மடித்துப் பார்த்திருக்கிறாள். பாதியாக ஒருமுறை, அந்தப் பாதியை மறுபடி ஒருமுறை."

"மத்த பசங்க?"

"வகுப்பு முழுதும் ஐந்தில் இரண்டு."

"பார்த்தீங்களா! அச்சடிச்ச மாதிரி ஒரே விடை. அதுங்கதான் சார் மெஷினு!"

"பொறியாயின் கேள்வியைப் படித்துவிட்டு விடை எழுதும். இவர்கள் கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஐயமற மனிதர்கள். உங்கள் மகளைப் பற்றித்தான் வருந்துகிறேன்." தேர்வாளரின் எஃகுக் கை, பொறி என்னும் முத்திரையை எடுத்தது.

கதிர்மாறனுக்கு ஆற்றாமை பொங்கியது. வாசலில் நின்றிருந்த மகளை உள்ளே இழுத்து, உச்சந்தலையில் நறுக்கென்று ஒரு குட்டுக் குட்டினார். "சொல்லிக்கொடுத்ததை எழுதிட்டு வர வேண்டியதுதானே? யாரைக் கேட்டுடி யோசிச்ச?"

"தானா வந்துச்சுப்பா" என்று தலையைத் தேய்த்துக்கொண்டாள் அல்லி.

தேர்வாளரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அம்முத்திரையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, மற்றதை எடுத்துத் தாளில் பதித்தது.

"மன்னிக்க வேண்டும் ஐயா. யோசித்தது என்பதற்காக எந்தப் பொறியையும் அதை வாங்கியவர்கள் குட்டியதில்லை. சந்தேகமே இல்லை, இவள் நீங்கள் பெற்ற பிள்ளைதான்."